குழந்தைகளின் உடலில் காரீய நஞ்சு: ஐயுறுதலும் பரிசோதித்தலும்

மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவரப்படுகிறது எனக் கொள்க. அதற்கு அடிக்கடி வயிற்றுவலி வருகிறது, மலச்சிக்கல் இருக்கிறது, உணவில் விருப்பமில்லை, எதற்கெடுத்தாலும் சிணுங்குகிறது. கண்ணிமையின் உட்புறம் வெளுத்துக் காணப்படுகிறது. இரத்தசோகை என்று முடிவு செய்து, பூச்சி மருந்தும் இரும்புச் சத்து மருந்தும் கொடுத்து அனுப்புகிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே குழந்தை, அதே வெளுப்புடன், அதே வலியுடன் மீண்டும் வருகிறது. அதன் தந்தை பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். மாலையில் வேலை உடையுடனேயே வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். ஆனால் தந்தையின் தொழில் என்ன என்று நிலையத்தில் எவரும் கேட்கவில்லை.

காரீய நஞ்சின் தன்மை இத்தகையது. அதற்கென்று தனி அடையாளம் இல்லை. வேறு நோய்களின் உருவிலேயே அது வருகிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் எந்த உருவிலும் வெளிப்படாமலே தங்கி, மூளையின் வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. ஐயுற்று, வினவி, இரத்தத்தைப் பரிசோதிப்பவர்க்கே அது புலப்படும். களப்பணியாளரும் ஆசிரியரும் அவ்வாறு ஐயுறக் கற்றுக்கொள்வதற்கு வேண்டிய செய்திகள் இங்கே தொகுத்துக் கூறப்படுகின்றன.

பெயரால் வரும் குழப்பம்

தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரு வேறு உலோகங்களைக் குறிக்க வழங்குகிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் பூசப்பட வேண்டியது வெள்ளீயமே. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் தூய வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியதே. இவற்றால் தீங்கில்லை. காரீயம் அவ்வாறன்று, அது நஞ்சு. ஆனால் காரீயம் விலை குறைந்தது, எளிதில் உருகுவது. ஆகையால் வெள்ளீயத்துடன் அதைக் கலந்து பூசுவதும் வார்ப்பதும் உண்டு. புளியும் எலுமிச்சையும் சேர்ந்த உணவு அத்தகைய பாத்திரத்தில் கொதிக்கும்போது காரீயம் உணவில் கரைந்து இறங்குகிறது. எனவே வீட்டில் ‘ஈயப் பாத்திரம்’ உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது எங்கே வாங்கப்பட்டது, யாரால் பூசப்பட்டது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு குறிப்பும் தேவை. பென்சிலின் உள்ளே இருக்கும் கரிய பொருள் காரீயமன்று; அது கிராபைட் என்னும் கரிப்பொருள். பென்சில் முனை குத்திவிட்டது என்பதற்காகக் காரீய நஞ்சைக் குறித்து அஞ்சவேண்டியதில்லை.

உடலினுள் நிகழ்வது

காரீயத்தால் உடலுக்கு எவ்விதப் பயனும் இல்லை. ஆயினும் உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்றும் இரும்பு என்றும் மயங்கி ஏற்றுக்கொள்கிறது. ஒரே அளவு காரீயத்தை விழுங்கினாலும், வளர்ந்தவரைப் போல நான்கு அல்லது ஐந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தையின் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளக்கூடும். உணவில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையிடம் இவ்வுறிஞ்சல் மேலும் மிகுகிறது. தவழும் பருவத்தில் குழந்தையின் கை தரைக்கும் வாய்க்குமாக ஓயாது சென்று வருகிறது. இவை யாவும் ஒன்றுசேர்வதால், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களே பெரும் அபாயத்துக்கு உள்ளாகின்றனர்.

இரத்தத்தில் சேர்ந்த காரீயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். குறைந்த பகுதி முழுவதும் உடலை விட்டு வெளியேறுவதில்லை. ஒரு பகுதி எலும்பில் போய்ப் படிகிறது. எலும்பில் அது பல்லாண்டுகள் தங்கி, சிறிது சிறிதாக மீண்டும் இரத்தத்தில் இறங்குகிறது. இளமையில் காரீயத்துக்கு ஆளான பெண் பிற்காலத்தில் கருவுறும்போது, அவளது எலும்பிலிருந்து வெளிப்படும் காரீயம் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது.

சிவப்பணுக்களுக்கு நிறம் தரும் பொருள் உண்டாவதற்கு வேண்டிய நொதிகளைக் காரீயம் தடுக்கிறது. இரத்தசோகை தோன்றுவதற்கு இது ஒரு காரணம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 59 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளில் 67 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். இவர்களில் பெரும்பாலோர்க்குக் காரணம் உணவுக் குறைவும் தொற்றுமே. ஆனால் இரும்புச் சத்து மருந்தை ஒழுங்காக உட்கொண்டும் தேறாத குழந்தையிடம் காரீயத்தை நினைத்துப் பார்த்தல் கடமையாகும்.

மூளைக்கு நேரும் தீங்கு இதனினும் பெரிது. 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று பல நாடுகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டது. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் காரீயம் 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆக உயரும்போது அறிவுத்திறன் ஈவு 3.9 புள்ளி குறைகிறது. 10இலிருந்து 20 ஆக உயரும்போது மேலும் 1.9 புள்ளியே குறைகிறது. தொடக்கத்தில் சேரும் சிறிதளவு காரீயமே மிகுந்த கேட்டை விளைவிக்கிறது என்பது இதன் பொருள். ‘சிறிது இருந்தால் பாதகமில்லை’ என்ற எண்ணம் தவறு. தீங்கற்ற அளவு என்று ஒன்று இதுவரை அறியப்படவில்லை. இழந்த திறனை மீட்டுத் தரும் மருந்தும் இல்லை. முன்னறிந்து தடுப்பதே வழி.

காரீயம் வரும் வழிகள்

பெட்ரோலில் காரீயம் கலக்கும் வழக்கம் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் முடிவுற்றது. வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்னும் விதி 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. இவற்றால் நன்மை விளைந்தது. ஆயினும் யூனிசெப் நிறுவனமும் ‘ப்யூர் எர்த்’ அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் உள்ளது. அவர்களில் 27 கோடிக்கு மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். பெட்ரோல் நீங்கிய பின்னும் எஞ்சியுள்ள வழிகள் யாவை என்பதைப் பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

பழைய பேட்டரிகளை முறையின்றி உடைத்து உருக்குதல் இவற்றுள் தலையாயது. உருக்கும்போது எழும் புகையும் தூசும் சுற்றுப்புற மண்ணில் படிகின்றன. தொழில் நின்ற பின்னும் அம்மண்ணில் காரீயம் நீங்காது கிடக்கும். தொழிலாளியின் உடை, தலைமயிர், செருப்பு ஆகியவற்றின் வாயிலாக அது வீட்டுக்குள்ளும் புகுகிறது.

பழைய கட்டடங்களின் கதவு, சன்னல்களில் பூசிய வர்ணம் உரிந்து தூசாதல் இரண்டாவது வழி. புதிய விதி புதிய வர்ணத்துக்கே பொருந்தும். முன்னர்ப் பூசப்பட்டது சுவரிலேயே இருக்கிறது. அதை உலர்ந்த நிலையில் சுரண்டினால் அபாயம் பன்மடங்காகும்.

சமையற்பொருள்கள் மூன்றாவது வழி. மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் தரும்பொருட்டுக் காரீயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறப்பொருளைச் சேர்க்கும் கலப்படம் சில இடங்களில் காணப்பட்டுள்ளது. கழிவு உலோகங்களை உருக்கி வார்த்த மலிவான அலுமினியப் பாத்திரங்களிலிருந்தும், தரமற்ற மெருகு பூசிய மட்பாண்டங்களிலிருந்தும் காரீயம் உணவில் இறங்கக்கூடும்.

கண்ணுக்கு இடும் சுர்மா, சில வகைக் கண்மை, சிந்தூரம் ஆகியவை நான்காவது வழி. சுர்மாவில் கலீனா என்னும் காரீயத் தாதுவே பொடியாக இருத்தல் உண்டு. சில சிந்தூர வகைகளில் செந்நிறக் காரீய ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. தரக் கட்டுப்பாடின்றி விற்கப்படும் சில மருந்துப் பொடிகளும் இவ்வகையில் சேரும். இணையத்தின் வழியாக விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

மூலம் எப்போதும் தொழிற்கூடமாகவே இருக்கும் என்று கருதுதல் கூடாது. வங்காளதேசத்தின் நாட்டுப்புறத்தில், அருகில் ஆலையேதும் இல்லாத ஊர்களிலும் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. அதன் மூலத்தைத் தேடிச் சென்ற ஆராய்ச்சியாளர் மஞ்சள் தூளில் சேர்க்கப்பட்ட காரீயக் குரோமேட்டைக் கண்டனர். 2019இல் அந்நாட்டுச் சந்தைகளில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் காரீயம் காணப்பட்டது. மக்களுக்கு எச்சரிக்கை, வணிகர்க்கு அபராதம், சந்தைகளில் இடைவிடாத சோதனை ஆகியவற்றின் பயனாக 2021இல் அது இல்லையென்றே ஆயிற்று. இரத்தத்தில் கண்ட ஓர் எண்ணை அதன் மூலம் வரை தொடர்ந்து சென்றதால் கிட்டிய வெற்றி இது.

வினவும் முறை

எல்லாக் குழந்தைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யும் ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆகவே யாரைப் பரிசோதனைக்கு அனுப்புவது என்பதை வினாக்களே தீர்மானிக்கின்றன. அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சில நிமிடங்களில் கேட்டறியத்தக்கவை வருமாறு:

1. வீட்டில் எவரேனும் பேட்டரி, உலோகக் கழிவு, வர்ணம் அடித்தல், பற்றவைத்தல், நகை உருக்குதல் ஆகிய தொழில்களில் உள்ளனரா? வேலை உடையுடன் வீட்டுக்கு வருகின்றனரா?
2. வீட்டுக்கோ பள்ளிக்கோ அருகில் உருக்கும் பட்டறை உள்ளதா? முன்பு இருந்ததா?
3. வீட்டின் வர்ணம் உரிகிறதா? அண்மையில் சுரண்டப்பட்டதா?
4. குழந்தை மண், சுவர்க்காரை, வர்ணச் சில்லு முதலியவற்றைத் தின்னும் பழக்கம் உடையதா?
5. குழந்தைக்கு இடும் கண்மை, கொடுக்கும் மருந்துப் பொடி, சமையலுக்கு வாங்கும் மஞ்சள் ஆகியவை எங்கிருந்து வருகின்றன?
6. உடன்பிறந்தவர்க்கோ உடன் விளையாடும் குழந்தைகளுக்கோ வலிப்பு, வளர்ச்சிக் குறைவு, விளங்காத இரத்தசோகை உண்டா?

இவற்றைக் குற்றம் சாட்டும் முறையில் கேட்டல் ஆகாது. பட்டறை வேலை பல குடும்பங்களுக்கு ஒரே பிழைப்பு. அதனை இழக்க நேருமோ என்ற அச்சம் தோன்றினால் தாய் உண்மையைக் கூறமாட்டாள். வேலையை விடும்படி சொல்வதற்காக அன்று, குழந்தையைக் காப்பதற்காகவே கேட்கப்படுகிறது என்பது முதலிலேயே விளங்க வேண்டும்.

களப்பணியாளரின் கவனம் எத்துணைப் பயனுடையது என்பதற்கு நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலம் சான்று. 2010ஆம் ஆண்டில் அங்குள்ள சில சிற்றூர்களில் குழந்தைகள் வலிப்பு கண்டு இறந்தனர். மலேரியாவே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. இறப்பு அளவுக்கு மீறியிருந்ததை ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் பணியாளர் ஐயுற்றனர். இரத்தத்தைச் சோதித்தபோது காரீயம் மிகப் பெரும் அளவில் காணப்பட்டது. வீட்டு முற்றங்களில் தங்கத் தாதுவை இடித்தபோது பரவிய தூசே அதன் மூலம். நானூறு குழந்தைகளுக்கு மேல் இறந்துபட்டனர். நோயின் பெயர் தெரிந்த பின்னரே மண்ணை அகற்றுவதும் மருந்து கொடுப்பதும் இயலுவதாயிற்று.

பரிசோதனை

காரீய நஞ்சை உறுதிப்படுத்துவது இரத்தத்தில் உள்ள காரீயத்தின் அளவே. நகம், மயிர், சிறுநீர் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. அறிகுறி இல்லாமையும் நோயின்மைக்குச் சான்றாகாது.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத்தைச் சிறு கருவியால் உடனே அளக்கலாம். முதற்கட்டச் சோதனைக்கு இது ஏற்றது. ஆனால் விரலில் ஒட்டியுள்ள தூசின் காரீயம் இரத்தத் துளியுடன் கலந்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். ஆகவே குழந்தையின் கையைச் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி உலர்த்த வேண்டும். கழுவிய பின் விரல் வேறெதன் மேலும் படலாகாது. முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். சாராயத்தால் துடைப்பது கிருமியைப் போக்குமேயன்றிக் காரீயத்தைப் போக்காது.

விரல் இரத்தத்தில் அளவு உயர்ந்து காணப்பட்டால், நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தால் அதனை உறுதி செய்தல் வேண்டும். காரீயக் கலப்பற்ற குழாயில் அவ்விரத்தத்தை எடுத்து, அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற கருவிகளை உடைய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் அளவு எவ்வளவு உயர்ந்துள்ளதோ அவ்வளவு விரைவாக உறுதிப்படுத்துதல் நடைபெற வேண்டும். தம் மாவட்டத்துக்கு அண்மையில் இவ்வசதி எங்குள்ளது, மாதிரி எவ்வாறு அனுப்பப்பட வேண்டும் என்பவற்றை, நோயுற்ற குழந்தை வருவதற்கு முன்பே நிலைய மருத்துவர் கேட்டறிந்து எழுதி வைத்தல் நலம்.

எண்களின் பொருள்

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பின் மூலத்தைக் கண்டறிந்து விலக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் இவ்வகை எல்லை 1960களில் 60 ஆக இருந்தது. 1991இல் 10 ஆகவும், 2012இல் 5 ஆகவும், 2021இல் 3.5 ஆகவும் குறைக்கப்பட்டது. குழந்தைகளின் உடல் மாறிவிடவில்லை. அதனைப் பற்றிய அறிவே வளர்ந்தது. இவ்வெண்கள் செயலைத் தொடங்குவதற்கான குறிகளேயன்றி, அவற்றுக்குக் கீழே தீங்கில்லை என்பதற்கு உறுதிமொழி அல்ல.

பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. இது தேர்ந்த மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது. சிகிச்சை பெற்ற குழந்தை காரீயம் படிந்த அதே வீட்டுக்குத் திரும்பினால் அளவு மீண்டும் ஏறும். வலிப்பு, ஓயாத வாந்தி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றிய குழந்தையை, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படுவது மருந்தன்று, மூலத்தை விலக்குதலே. பட்டறைத் தொழிலாளி குளித்து உடைமாற்றி வீட்டுக்கு வரலாம். அவ்வுடையைத் தனியே துவைக்கலாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தூசெழுப்பாமல், தரையை ஈரத் துணியால் துடைக்கலாம். உணவுக்கு முன் குழந்தையின் கையைக் கழுவலாம். ஐயத்துக்குரிய கண்மையையும் பாத்திரத்தையும் நிறுத்தலாம். கேழ்வரகு, கீரை, பால், பருப்பு முதலியவற்றால் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கச் செய்யலாம். குறைவு காணப்பட்டால் மருத்துவர் இவற்றை மருந்தாகவும் தருவார். பின்னர், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள், மருத்துவர் குறிக்கும் நாளில் இரத்தத்தை மீண்டும் சோதிக்க வேண்டும். எலும்பிலுள்ள காரீயம் இறங்கிக்கொண்டே இருக்குமாதலால் அளவு மெல்லவே குறையும். இதனை முன்கூட்டியே தாய்க்குச் சொல்லாவிடில் அவள் மனம் தளர்ந்து, மறுமுறை வராமற் போகலாம்.

ஆசிரியரின் பங்கு

காரீயத்தின் தீங்கை வெளிப்படுத்தியதில் பள்ளி ஆசிரியர்க்கு முக்கியமான இடம் உண்டு. 1979இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் முதலியோர், விழுந்த பாற்பற்களில் படிந்த காரீயத்தை அளந்தனர். அக்குழந்தைகளின் வகுப்பறை நடத்தை பற்றி, காரீய அளவை அறியாத ஆசிரியர்கள் குறித்துத் தந்த மதிப்பீடுகளுடன் அதனை ஒப்பிட்டனர். பல்லில் காரீயம் ஏற ஏற, கவனச் சிதறலும் சொன்னதைப் பின்பற்ற இயலாமையும் ஏறின. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்விலும் ஆசிரியர்களின் மதிப்பீடே பயன்பட்டது. அக்குழந்தைகளின் சராசரி இரத்தக் காரீயம் டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அளவு மிகுந்தவர்களிடம் கவனக்குறைவும் பதற்றமும் மிகுந்திருந்தன.

கவனமின்மைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் காரீயம் ஒன்றே. ஆசிரியர் நோயை முடிவு செய்ய வேண்டியதில்லை. அந்த முத்திரையைக் குழந்தைமேல் இடவும் கூடாது. ஒரே தெருவிலிருந்து வரும் பல குழந்தைகள் ஒருங்கே பின்தங்குவதைக் கண்டால், அதைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் தெரிவித்தல் போதும். அளவு உயர்ந்த குழந்தை ‘தேறாதவன்’ என்று கைவிடப்படுதல் பெருந்தவறு. நல்ல உணவும், பேச்சும் விளையாட்டும் நிறைந்த சூழலும், பொறுமையான கற்பித்தலும் அக்குழந்தைக்கு மற்றவரைவிட அதிகமாகத் தேவை.

தொடக்கத்தில் கூறிய மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் வருகையிலேயே கிடைத்திருக்க வேண்டியது அரிய மருந்தன்று. ‘தந்தை என்ன வேலை செய்கிறார்?’ என்ற ஒரு கேள்வி. அதனைக் கேட்டிருந்தால் மூன்று மாதம் வீணாகியிராது. மூளை விரைந்து வளரும் வயதில் மூன்று மாதம் என்பது சிறு காலமன்று.

மீள்பார்வைக்கு

1. வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றின் வேறுபாட்டை ஒரு தாய்க்கு எவ்வாறு விளக்கலாம்?
2. இரும்புச் சத்துக் குறைவும் காரீய நஞ்சும் ஒன்றையொன்று எவ்வாறு மிகுவிக்கின்றன?
3. விரல் நுனி இரத்தத்தில் அளவு பொய்யாக உயர்வதேன்? அதனைத் தவிர்ப்பது எவ்வாறு?
4. மூலத்தை விலக்காமல் மருந்து மட்டும் கொடுப்பதால் விளைவது என்ன?
5. தம் பணி எல்லைக்குள் காரீயம் வரக்கூடிய இடங்கள் யாவை? ஒவ்வொரு பணியாளரும் பட்டியல் ஒன்று தயாரிக்க.